கார் ஷெட்டின் வாட்டத்தை நிரப்ப வேண்டாம், மேடை கட்டுங்கள்

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் 2009-இல் கட்டிய தனி வீட்டில் வசிக்கிறோம். காரை விற்றுவிட்டதால், 20 அடி நீளமும் 11 அடி அகலமும் உள்ள கார் ஷெட் சும்மா கிடக்கிறது. கல்லூரி அணியில் பளுதூக்கும் என் மகளுக்கு அங்கே ஒரு பயிற்சிக்கூடம் அமைத்துக் கொடுக்க விரும்புகிறேன். ஆனால் கைப்பேசிச் செயலியை வைத்து அளந்ததில், வீட்டுச் சுவரிலிருந்து கேட் வரை தரை ஏறத்தாழ 4 அங்குலம் சரிந்திருக்கிறது. மேலே பார்க்கிங் டைல்ஸ் ஒட்டியிருக்கிறது. கேட் பக்கம் தரைக்கு அடியில் 8 அடிக்கு 6 அடி சம்ப், அதாவது குடிநீர்த் தொட்டி, இருக்கிறது. தரை முழுவதும் கான்கிரீட் போட்டு ஒரே நாளில் மட்டமாக்கிவிடலாம் என்கிறார் கொத்தனார். தானாகவே மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவையை ஊற்றினால் போதும் என்கிறார் டைல்ஸ் கடைக்காரர். எதைச் செய்யலாம்? இந்த 4 அங்குலம் உண்மையிலேயே ஒரு குறைதானா?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 20 அடிக்கு 4 அங்குலம் என்றால் அறுபதுக்கு ஒன்று என்ற வாட்டம், அதாவது நீர் ஓடுவதற்கான சரிவு. கார் ஷெட்டுக்கு அது குறையே இல்லை. கார் கழுவும் நீரும் கேட் வழியாக அடிக்கும் சாரலும் தேங்காமல் வெளியேற வேண்டும் என்று உங்கள் வீட்டைக் கட்டியவர் தெரிந்தே கொடுத்த வாட்டம் அது. ஆனால் பளு தூக்குகிறவருக்கு அதே வாட்டம் நிச்சயமாகக் குறைதான். உங்கள் மகள் பக்கச் சுவரைப் பார்த்தபடி நின்று, இரண்டு கால்களுக்கும் இடையே ஒன்றரை அடி விட்டால், ஒரு பாதம் மற்றதைவிட 7 அல்லது 8 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். பெண்கள் போட்டியில் பயன்படும் பார், அதாவது பளுத்தட்டுகளை மாட்டும் கம்பி, 2.01 மீட்டர் நீளம் உடையது. தரையில் கிடக்கும்போதே அதன் ஒரு முனை மறுமுனையைவிட 33 மில்லிமீட்டர் கீழே இருக்கும். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் இடுப்பும் முதுகும் அந்த வேறுபாட்டைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். கேட்டைப் பார்த்து நின்றால் இரு பாதங்களும் ஒரே மட்டத்தில் இருக்கும், குதிகாலுக்கும் விரல்களுக்கும் இடையே 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அதை உடம்பு பொறுத்துக்கொள்ளும். ஆனால் கீழே வைத்த பார் கேட்டை நோக்கி உருளத் தொடங்கிவிடும். ஆகவே மட்டம் தேவைதான். எங்கே தேவை, எவ்வளவு இடத்துக்குத் தேவை என்பதில்தான் நான் கொத்தனாரோடும் கடைக்காரரோடும் மாறுபடுகிறேன். மட்டமாக வேண்டியது உங்கள் மகள் நிற்கும் 8 அடிக்கு 8 அடி இடம் மட்டுமே. மீதித் தரையின் வாட்டம் இருந்தபடியே இருக்க வேண்டும்.

கொத்தனார் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர் போட நினைப்பது, வீட்டுச் சுவரின் அருகே ஒன்றுமில்லாமல் தொடங்கி கேட்டருகே 4 அங்குலம் கனமாக முடியும் ஒரு ஆப்பு. 220 சதுர அடிக்கு அதன் கன அளவு சுமார் 37 கன அடி, அதாவது ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல். எடை சுமார் இரண்டரை டன். இதில் மூன்று தீங்குகள் உள்ளன.

முதலாவது, மெல்லிய விளிம்பு. பழைய தரையோடு ஒட்டிப் போடும் கான்கிரீட் குறைந்தது ஒன்றரை அங்குலக் கனமாவது இருந்தால்தான் நிலைக்கும். உங்கள் ஷெட்டில் வீட்டுச் சுவரிலிருந்து ஏழரை அடி தூரம் வரை அந்தக் கனம் வராது. தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதுவும் உங்கள் மகள் பளுவைக் கீழே விடப் போகிற பகுதியிலேயே, காகிதம்போல் மெலிந்த கலவைதான் கிடக்கும். தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் இதே முறையில் போட்ட தரையை, ஓர் ஆண்டு கழிந்த பிறகு பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். சுவரோரமாகக் குந்தி, கட்டைவிரல் நகத்தைக் கொடுத்துத் தூக்கினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு அப்பளம் போலப் பெயர்ந்து கையோடு வந்தது. அடிப்பக்கம் பழைய தரையின் தூசி அப்படியே ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் டம்பெல்லைத் தவிர வேறு எதையும் கீழே போட்டதில்லை.

இரண்டாவது, சம்ப். உங்கள் சம்ப் கேட்டிலிருந்து எத்தனை அடியில் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கம்போல் இரண்டடி உள்ளே தள்ளி, ஆறடிப் பக்கம் ஷெட்டின் நீளவாக்கில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் சம்ப்பின் மூடுதளத்தின் மேல் சராசரி 3 அங்குலக் கனத்துக்குப் புதுக் கான்கிரீட் ஏறும். அந்த 48 சதுர அடியில் மட்டும் சுமார் 800 கிலோ. கட்டடங்களின் மேல் வரும் பளுவை வகுத்துக் கூறும் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, கார் நிறுத்தும் தரைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 250 கிலோ என்று சொல்கிறது. உடற்பயிற்சிக்கூடத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, 5 கிலோநியூட்டன். உங்கள் சம்ப் மூடுதளம் ஒழுங்காகக் கணக்கிட்டே போடப்பட்டிருந்தாலும், அது கார் நிற்பதற்காகப் போட்ட தளம். புதுக் கான்கிரீட்டின் சொந்த எடையே சதுர மீட்டருக்கு 1.8 கிலோநியூட்டன் வந்து, அது தாங்க வேண்டிய பளுவில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதற்கு மேல் பயிற்சிக்கூடம். பதினைந்து ஆண்டுக்கும் மேலாக எப்போதும் ஈரத்திலேயே இருக்கும் தளத்தின் அடிப்பக்கத்துக் கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அந்தப் பளுவை அதன் மேல் ஏற்ற நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது, அதே சம்ப்பின் மூடி. இப்போது மூடி தரையோடு தரையாக இருக்கும். சுற்றிலும் 3 அங்குலம் உயர்த்திவிட்டு மூடியை அப்படியே விட்டால், ஷெட்டிலேயே மிகத் தாழ்ந்த இடம் அதுதான். தரை துடைத்த நீரும் கேட் வழியாக வரும் மழைநீரும் குடிநீர்த் தொட்டிக்குள் வழியும். மூடியின் கழுத்தையும் சேர்த்து உயர்த்தலாம் என்பது உண்மைதான். ஆனால் அவசரத்தில் இந்த வேலையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். தரை மட்டமாகிவிட்டால் மழைநீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். காற்று தள்ளும் பக்கம், பெரும்பாலும் வீட்டு வாசற்படிப் பக்கம், நகரும். மேடவாக்கத்தில் இருக்கும் உங்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

செல்ஃப் லெவலிங் கலவை நல்ல பொருள்தான். ஆனால் அது இந்த வேலைக்கான பொருள் அன்று. டைல்ஸோ வினைல் விரிப்போ போடுவதற்கு முன், தரையில் சில மில்லிமீட்டர் மேடுபள்ளம் இருந்தால் அதைச் சரிசெய்வதற்காக வந்தது அது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 1.7 கிலோ தூள் செலவாகும். உங்கள் ஷெட்டின் பரப்பு 20.4 சதுர மீட்டர், சராசரிக் கனம் 50 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 1,700 கிலோவுக்கு மேல், 25 கிலோ மூட்டையாக எழுபது மூட்டை வருகிறது. அந்தச் செலவில் ஷெட்டின் தரையை முழுவதுமாக உடைத்தெடுத்துப் புதிதாகப் போட்டுவிடலாம். அப்படிச் செய்தாலும் விளிம்பு, சம்ப், தண்ணீர் என்ற மூன்றில் ஒன்றுகூடத் தீராது.

எதைச் செய்வதற்கும் முன்பாக, அந்த 4 அங்குலம் கட்டும்போதே கொடுத்த வாட்டமா, பிறகு மண் இறங்கியதால் வந்த சரிவா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் களிமண் அதிகம். அது மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். கார் ஷெட்டின் தரை பெரும்பாலும் வீட்டின் அஸ்திவாரத்தோடு சேராமல், நிரப்பிய மண்ணின் மேல் போட்ட 4 அங்குலக் கான்கிரீட்டாகவே இருக்கும். மண் இறங்கினால் தரையும் கூடவே இறங்கும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு நாணயம் நுழையும் அளவுக்குப் பிளவு ஓடுகிறதா, ஓரத்து ஸ்கர்ட்டிங் டைலின் அடியில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரை வீட்டுச் சுவரோரமாக ஊற்றுங்கள். கொடுத்த வாட்டமாக இருந்தால் தண்ணீர் ஒரே சீராக விரிந்து கேட்டை நோக்கி ஓடும். இறங்கிய தரையாக இருந்தால் நடுவில் எங்காவது குளம் கட்டும். குளம் கட்டினால், நான் கீழே சொல்லும் எதையும் தொடங்காதீர்கள். முதலில் அந்தப் பகுதியை உடைத்து, மண்ணை இறுக்கி, தரையைப் புதிதாகப் போட வேண்டும்.

அடுத்தது அளவு. கைப்பேசிச் செயலியை வைத்து அளந்ததாக எழுதியிருந்தீர்கள். கைப்பேசி அதன் கீழே இருக்கும் ஒரு சாணுக்குத்தான் சாய்வைச் சொல்லும். உங்கள் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் போதும். அதைவிட நம்பகமான கருவி இந்த வேலைக்குத் தேவையில்லை. முப்பது அடி ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பும்போது காற்றுக்குமிழி ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது; தங்கினால் இரு முனையும் பொய் சொல்லும். நிரப்பியபின் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுச் சுவரில் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஒரு கோடு போட்டு, அதே மட்டத்தைப் பக்கச் சுவர்கள் இரண்டிலும் கேட் தூண் வரை கொண்டுபோங்கள். இரண்டடிக்கு ஒரு தடவை அந்தக் கோட்டிலிருந்து தரை வரை அளந்து, ஒரு தாளில் எழுதுங்கள். இடப்பக்கச் சுவரையும் வலப்பக்கச் சுவரையும் தனித்தனியாக அளக்கச் சொல்கிறேன். அதற்குக் காரணம் உண்டு: பல ஷெட்டுகளில் வாட்டம் கேட்டை நோக்கி மட்டும் இருப்பதில்லை, மழைநீர்ச் சேகரிப்புக் குழி எந்த மூலையில் இருக்கிறதோ அந்த மூலையை நோக்கிக் குறுக்கிலும் சாய்ந்திருக்கும். அந்தக் குறுக்கு வாட்டத்தைக் கவனிக்காமல் போட்ட மேடை ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

இனி மேடை. வீட்டுச் சுவரிலிருந்து ஓரடி விட்டு, 8 அடிக்கு 8 அடி இடத்தைக் குறியுங்கள். பக்கச் சுவர்களுக்கும் மேடைக்கும் இடையே இருபுறமும் ஒன்றரை அடி இடம் மிஞ்சும். சம்ப் நான் நினைக்கும் இடத்தில் இருந்தால், அதற்கும் மேடைக்கும் நடுவில் மூன்று அடி கிடைக்கும். சம்ப் உள்ளே தள்ளியிருந்து மேடை அதன் மேல் ஏறும்படி இருந்தால் இந்தத் திட்டத்தைக் கைவிட்டு எனக்கு எழுதுங்கள். பன்னாட்டுப் போட்டி மேடை 4 மீட்டர் சதுரம். வீட்டுப் பயிற்சிக்கு அவ்வளவு வேண்டாம். 8 அடி என்று நான் சொல்வதற்குக் காரணம், பிளைவுட் 8 அடிக்கு 4 அடி ஷீட்டாகவே வருகிறது, வெட்டி வீணாக்க வேண்டியதில்லை. சுற்றிலும் விட்ட இடைவெளிக்கு இரண்டு பயன்: தண்ணீர் தன் வழியே போகும், பளு கீழே விழும் அதிர்வு நேரே சுவருக்குப் போகாது.

குறித்த இடத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு டைலையும் சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஒலி வந்தால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது. பானையைத் தட்டியதுபோல் ஒலித்தால் அடியில் வெற்றிடம். அப்படி நாலைந்து டைலுக்கு மேல் இருந்தால், அந்த 64 சதுர அடியில் உள்ள டைல்ஸையும் அவற்றின் அடிக்கலவையையும் எடுத்துவிடுவதே நல்லது. கெட்டியாக இருந்தால் டைல்ஸ் அப்படியே இருக்கட்டும். அதன் மேல் 250 மைக்ரான் பாலிதீன் ஷீட்டை ஒற்றையாக விரித்து, அதன் மேல்தான் கான்கிரீட் போடப் போகிறோம். புதுக் கான்கிரீட் பழைய தரையோடு ஒட்டக் கூடாது என்பதற்காகவே இந்த ஷீட். ஒட்டாத மேடையை, நாளைக்கு நீங்கள் மறுபடி கார் வாங்கினாலோ வீட்டை விற்றாலோ, தரைக்குச் சேதமில்லாமல் துண்டுபோட்டு எடுத்துவிடலாம். உங்கள் கட்டட அனுமதி வரைபடத்தில் அந்த இடம் கார் நிறுத்துமிடம் என்றே காட்டப்பட்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்; அதை நிரந்தரமாக வேறொன்றாக மாற்றாமல் இருப்பது உங்களுக்கு நல்லது. ஒட்டாவிட்டால் மேடை வழுக்கிக்கொண்டு போகாதா என்ற ஐயம் வரலாம். ஒன்றேகால் டன்னுக்கு மேல் எடையுள்ள மேடை அறுபதுக்கு ஒன்று வாட்டத்தில் நகராது. பார்க்கிங் டைல்ஸின் வரிகளும் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஒட்டாத கான்கிரீட் என்பதால் அதற்கு அதன் சொந்தக் கனம் வேண்டும். சுவர்ப் பக்க விளிம்பில் 3 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். 8 அடிக்கு வாட்டம் 1.6 அங்குலம், ஆகவே கேட் பக்க விளிம்பில் கனம் 4.6 அங்குலமாக இருக்கும். எங்குமே மெல்லிய விளிம்பு இல்லை என்பதுதான் இதன் பலம். மொத்தம் சுமார் 20 கன அடிக் கான்கிரீட். ஐந்து மூட்டை சிமெண்டு போதும். ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட், மூன்று பங்கு ஜல்லி. கொத்தனார் வழக்கப்படி முக்கால் அங்குல ஜல்லி இறக்கச் சொல்லுவார். இங்கே அரை அங்குல ஜல்லிதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். தளத்தின் மிகக் குறைந்த கனத்தில் கால்பங்குக்கு மேல் ஜல்லியின் அளவு போகக் கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி, 3 அங்குலத்தில் கால்பங்கு முக்கால் அங்குலம்தான் என்றாலும், இடையில் கம்பியும் வருவதால் சிறிய ஜல்லிதான் எல்லா இடத்திலும் நிறைந்து உட்காரும்.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் நேரில் நிற்க வேண்டும். ஒரு மூட்டைக்கு 30 லிட்டர், அதற்கு மேல் ஒரு குவளையும் கூடாது; மணலில் ஈரம் இருந்தால் அதற்கேற்ப இன்னும் குறைக்க வேண்டும். தள்ளுவதற்கு இலகுவாக இருக்கட்டும் என்று சித்தாள் குடத்தைச் சாய்ப்பதும், அதைக் கொத்தனார் பார்த்தும் பாராமல் இருப்பதும் அன்றாடம் நடப்பது. அந்த ஒரு குடம் தண்ணீர் பின்னால் ஆவியாகி வெளியேறும்போது விட்டுச்செல்லும் நுண்துளைகளும் சுருக்க வெடிப்புகளும்தான் மேடையின் ஆயுளைக் குறைக்கும். கலவை கொழகொழவென்று ஓடாமல், கரண்டியில் எடுத்தால் நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும்.

கம்பிக்கு, 8 எம்.எம். கம்பியை 8 அங்குல இடைவெளியில் இரு திசையிலும் கட்டி, ஓர் அங்குலக் கவர் பிளாக்குகளின் (கம்பியை அடியிலிருந்து உயர்த்தி நிறுத்தும் சிறு கட்டைகள்) மேல் நிறுத்துங்கள். கட்டுக்கம்பியின் நுனி கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் பாலிதீனைக் கிழிக்கும். எல்லாவற்றையும் மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் பலகை அடைத்து, பலகையின் மேல்விளிம்பையே மட்டக்கோடாக வைத்துக்கொள்ளலாம். நான்கு மூலைகளையும் டியூப் லெவலால் மறுபடி சோதித்த பிறகுதான் முதல் சட்டிக் கலவை உள்ளே போக வேண்டும். மட்டப்பலகையை இரண்டு எதிர்ப் பலகைகளின் மேலும் படியவைத்து, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் அசைத்து இழுத்தால் மேல்பரப்பு சரியாக வரும். வழவழப்பாகத் தேய்க்க வேண்டாம், மேலே சிமெண்டுத் தூள் தூவவும் வேண்டாம். மேலே பிளைவுட் வரப் போகிறது, நமக்கு வேண்டியது மட்டம்தான், மினுமினுப்பு இல்லை.

ஒரே நாளில் முடியும் என்று கொத்தனார் சொன்னது கலவை போடும் வேலையைத்தான். மறுநாளிலிருந்து மேடையின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். கடைகளில் இன்று பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டு, அதற்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலமாக இருந்தால் 14 நாள் நீராற்ற வேண்டும். மூன்றாம் நாளே காய்ந்துவிட்டது என்று பாத்தியை உடைத்தால், செலவழித்த சிமெண்டின் வலிமையில் கணிசமான பங்கை நீங்கள் பெறவே மாட்டீர்கள். 28 நாள் முடியும் வரை அதன் மேல் பளு விழக் கூடாது. மகளுக்கு இந்த ஒரு மாதம் நீண்டதாகத் தோன்றும். அவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

கான்கிரீட் நன்றாக உலர்ந்தபின் பிளைவுட். ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.பி. வகை, ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது, 19 மில்லிமீட்டர். கீழ் அடுக்கில் இரண்டு ஷீட்டுகளை, 8 அடி நீளம் பார் கிடக்கும் திசையில் வரும்படி போடுங்கள். மேல் அடுக்கில் நடுவே ஒரே ஒரு ஷீட்டைக் குறுக்குத் திசையில் போடுங்கள். உங்கள் மகள் நிற்பது அந்த 4 அடி அகலத்தில். அதன் இருபுறமும் மிஞ்சும் 2 அடிப் பட்டைகளில் 20 மில்லிமீட்டர் ரப்பர் மேட். பாரில் தட்டுகள் உள்ளே நகராமல் தடுக்கும் வளையங்களான உட்பக்கக் காலர்களுக்கு இடையே 1.31 மீட்டர் தூரம் உண்டு; அதாவது பாரின் நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 26 அங்குலம் தள்ளித்தான் தட்டுகள் தொடங்கும். பிளைவுட் 24 அங்குலத்தில் முடிந்து ரப்பர் தொடங்குவதால், கீழே விடும் தட்டுகள் எப்போதும் ரப்பரின் மேலேயே விழும், கால்கள் எப்போதும் அசையாத மரத்தின் மேலேயே இருக்கும். ரப்பரின் மேல் நின்று பெரிய பளுவைத் தூக்கினால் பாதம் அமுங்கும். அதனால்தான் இந்த ஏற்பாடு. மேல் ஷீட்டைக் கீழ் ஷீட்டோடு ஒன்றேகால் அங்குலத் திருகாணிகளால் இணையுங்கள். கான்கிரீட்டுக்குள் எதையும் முடுக்க வேண்டாம். ஷீட்டுகளின் வெட்டு விளிம்புகளுக்கு இரண்டு கோட் பெயின்ட் அடியுங்கள். மேடை எந்தச் சுவரையும் தொடாமல் இருப்பதால் கரையான் ஏறினால் அதன் மண்கோடு கான்கிரீட்டின் பக்கவாட்டில் வெளிப்படையாகத் தெரியும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

முடிந்த மேடையின் கேட் பக்க விளிம்பு தரையிலிருந்து 6 அங்குலம் உயர்ந்து நிற்கும், ஒரு படியின் உயரம். இருட்டில் கால் இடறும் என்பதால் அந்த விளிம்பு முழுவதும் மஞ்சள் பட்டை அடியுங்கள். கூரை உயரத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உங்கள் மகளின் கையில் துடைப்பக் கட்டையைக் கொடுத்து, தலைக்கு மேல் முழுவதும் நீட்டச் சொல்லி, தரையிலிருந்து கட்டை வரை அளங்கள். அதோடு தட்டின் ஆரம் 9 அங்குலம், மேடையின் உயரம் 6 அங்குலம், இவற்றுக்கு மேல் ஓரடி இடமாவது, கூரைக்குக் கீழேயும் உத்தரம் இருந்தால் அதற்குக் கீழேயும் மிஞ்ச வேண்டும். ஷெட்டில் தொங்கும் மின்விசிறி இருந்தால் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி பொருத்துங்கள்.

டிரெட்மில், சைக்கிள் போன்றவை பின்னால் வருமானால் அவற்றுக்காக மேடையை நீட்ட வேண்டாம். அவற்றின் அடியிலேயே திருகி உயர்த்தும் கால்கள் உண்டு. போதாவிட்டால் தாழ்ந்த பக்கத்துக் கால்களின் கீழ் அளவாக வெட்டிய ரப்பர் துண்டு வைத்தால் போதும். சம்ப்பின் மேல் மட்டும் எந்த இயந்திரத்தையும் வைக்காதீர்கள். மூடி எப்போதும் திறக்கும்படி இருக்கட்டும்.

உங்கள் மகள் பளுவைத் தலைக்கு மேலிருந்து கீழே விடுகிறவர் என்பதால்தான் இவ்வளவு கனமான மேடையைச் சொன்னேன். இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் டம்பெல், பெஞ்ச், யோகா அளவோடு நிறுத்திக்கொள்பவர்களாக இருந்தால், கான்கிரீட்டே தேவையில்லை. ஒரு பட்டறையில் சதுரக் குழாய்ச் சட்டம் அடிக்கச் சொல்லி, கேட் பக்கக் கால்களை மட்டும் வாட்டத்துக்கேற்ப நீளமாக வைத்து, மேலே பிளைவுட் போட்டால் வேலை முடிந்தது. பளுவைக் கீழே விடும் இடத்தில் அந்தச் சட்டம் உதவாது. ஒவ்வொரு அடிக்கும் அதிரும், சில மாதங்களில் வெல்டிங் விட்டுவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டுமானால், ஆகஸ்டு கடைசிக்குள் கலவை போட்டுவிடுங்கள்; மழைக்காலத்தின் ஈரக்காற்றில் கான்கிரீட் உலர்வதற்குக் காத்திருந்து பிளைவுட் போடுவது மிகவும் தாமதமாகும். ஜல்லி இறக்குவதற்கு முன்பாக டியூப் லெவலில் எடுத்த அளவுகளையும், சம்ப் மூடி கேட்டிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்பதையும், வாளித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதையும் ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். மேடையின் நான்கு மூலைகளின் உயரத்தையும் கணக்கிட்டு, கொத்தனார் கையில் கொடுக்கும்படி எழுதித் தருகிறேன்.